ஆமோஸுக்கு நான் சொல்லிக்கொடுத்தது

மார்ச் 4, செவ்வாய்

மாணவர்கள் வரைந்த தவளைப் படங்களைத் திருத்த உட்கார்ந்தேன். முடியவில்லை.

நேற்று சுடுதளத்தில் நாள் முழுக்க மோர்ட்டார் குண்டு சுடும் பயிற்சி. என் கணவன் ஆமோஸ் வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தான். காதுக்குள் கெட்டில் விசிலடிப்பதுபோல் இருக்கிறதாம். யாரோ மருத்துவப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், குண்டு அதிர்வில் மூளைக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க.

என்ன சோதனை என்று இந்தப் படைத்தளத்தில் எல்லா மனைவிகளுக்கும் தெரியும். ஐந்து சொற்களைச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அந்த ஐந்து சொற்களுக்குச் சில தொகுப்புகள்தான் உண்டு. சோதனை முடிந்து வெளியே வருகிறவன், இந்த மாதம் எது ஓடுகிறது என்று அடுத்தவனிடம் சொல்லிவிடுவான். அடுத்தவன் வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து மனப்பாடம் செய்வான். இதை ஏமாற்று என்று யாரும் நினைப்பதில்லை. தயாராகப் போகிறோம், அவ்வளவுதான்.

ஆமோஸுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் நிற்கவில்லை. வகுப்பில் செய்வதுபோல ஒரு கதை கட்டிக் கொடுத்தேன். ஒரு குதிரை எலுமிச்சையைத் தின்று, ஏணியில் ஏறி, சாவியைத் திருகி, மேகத்துக்குள் போனது.

"டீச்சரம்மா, குதிரைக்கு எதுக்கு ஏணி?"

"அது உன்னை மாதிரி குதிரை. கேள்வி கேக்காம சொல்லு."

சிரித்தான். குதிரை, எலுமிச்சை, ஏணி, சாவி, மேகம். சாப்பாடு ஆறும்வரை சொல்ல வைத்தேன். கடைசியில் தடங்கலில்லாமல் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

தேறிவிட்டான். கொண்டாட வறுத்த கோழி வாங்கி வந்தான். காரில் இன்னொரு பொட்டலமும் இருந்தது, அதே கடை, அதே கோழி. "பசி, அதான் ரெண்டு," என்றான். அதற்கு முன் அந்தப் பொட்டலத்தை அவன் ஒரு கணம் திகைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். தட்டு எடுத்து வைத்தேன்.

மார்ச் 15, சனி

பிளாட்டூன் ஆட்கள் எங்கள் கொல்லைப்புறத்தில் இறைச்சி சுட்டார்கள். ஜூனில் ஒன்பது மாதத்துக்கு வெளிநாடு கிளம்புகிறார்கள். நாற்பது பேர், ஆமோஸ்தான் அவர்களுக்கு சார்ஜெண்ட். பாதிப் பேருக்கு அவன் அப்பா மாதிரி. மரிசெல் பெரிய பாத்திரத்தில் துவரை போட்ட சோறு கொண்டுவந்தாள். அவள் கணவன் நோயல் ஒரு மோர்ட்டார் குழுவின் தலைவன். இருவரும் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை.

ஆமோஸ் அலபாமாவில் தன் மாமாவின் பன்றி வண்டியிலிருந்து குதித்த கதையைச் சொன்னான். நன்றாகச் சொல்வான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தட்டு வந்தது. "டேய், எங்க மாமா ஒரு பன்றி வச்சிருந்தாரு," என்று மறுபடியும் ஆரம்பித்தான். அதே சொல்லில், அதே கையசைப்போடு.

அடுப்பில் கொழுப்பு சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நோயல், "ஐயையோ சார்ஜெண்ட், அப்புறம் பன்றி என்ன பண்ணிச்சு?" என்றான், முதல் தடவை கேட்கிறவன்போல. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்க நான் சிரித்தேன்.

மரிசெல் சிரிக்கவில்லை. என் கையில் துடைக்கும் காகிதத்தைக் கொடுத்தாள். நான் எதையும் சிந்தியிருக்கவில்லை.

மார்ச் 26, புதன்

படைத்தள மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. மோர்ட்டார் சுடுகிறவர்களின் மூளையில் ஒவ்வொரு அதிர்வும் என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். இவர்கள் பிளாட்டூன் முழுவதும் தலைக்கவசத்தில் ஒரு பொத்தான் மாதிரிக் கருவியை ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். விருப்பம் உள்ளவர்கள் மட்டும் என்றாராம் கமாண்டர், ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்துக்கொண்டே.

மனைவிகளையும் தனியாகக் கேட்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் டாக்டர் ஹாலோரன், என் வயதுதான் இருக்கும். "நீங்க சொல்றது இந்த ரூமை விட்டுப் போகாது. மேலதிகாரிங்களுக்குத் தெரியாது. தைரியமா சொல்லுங்க," என்றார்.

சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா? இல்லை. தெரிந்த பாதையில் வழி தவறுகிறாரா? இல்லை. கோபம்? கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான். அவர் கோபப்படும்போது உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?

"சேச்சே, ஆமோஸா!"

கார் நிறுத்துமிடத்தில் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். பாதுகாப்பாக உண்மையைச் சொல்ல ஓர் இடம் கொடுத்தார்கள். அங்கேயும் பொய். யாருக்காக?

ஏப்ரல் 9, புதன்

கடையில் பணம் வாங்கும் பெண்ணிடம் ஆமோஸ் கத்தினான், சாமான்களைப் பையில் கோணலாக அடுக்கினாள் என்று. நான் அடுத்த வரிசைக்கு நழுவி, அவனுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல சூப் டப்பாக்களைப் படித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் அழுதாள். நான் தக்காளி சூப்பில் எவ்வளவு உப்பு என்று படித்தேன்.

ஏப்ரல் 16, புதன்

மரிசெல் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மிஸ் கொரின், நான் வந்தது நோயலுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவான்."

நேற்று நடந்ததாம். மோர்ட்டார் குழாயில் குண்டைப் போட்டால் உடனே வெடித்துப் பறக்க வேண்டும். ஒன்று பறக்கவில்லை, உள்ளேயே நின்றுவிட்டது. அப்போது பொறுத்திருந்து, குழாயை மெல்லச் சாய்த்து வெளியே எடுக்க வேண்டும். அதன் மேல் இன்னொன்றைப் போட்டால் சுற்றி நிற்கிற ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுக்கிறவன் ஆமோஸ்தான்.

ஆமோஸ் அடுத்த குண்டைப் போடச் சொல்லியிருக்கிறான்.

"பையன் குண்டைத் தூக்கிட்டான் மிஸ் கொரின். நோயல் ஓடிப்போய் குழாய் வாயில உள்ளங்கைய வச்சு மூடினானாம். 'உள்ள ஒண்ணு கிடக்கு சார்ஜெண்ட்'னு சொன்னானாம். சார்ஜெண்ட் சிரிச்சுட்டு, 'முழிச்சிருக்கீங்களான்னு பாத்தேன்டா'ன்னாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம்."

எனக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

"நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். சார்ஜெண்ட்னா நோயலுக்கு உயிரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். அவர் நல்லா இருக்காரா? உங்க வாயால சொன்னா நம்பறேன்."

"தூக்கம் சரியில்ல மரிசெல். வேற ஒண்ணும் இல்ல."

"சரி," என்றாள். போய்விட்டாள்.

அடிப்பாவி. அவள் புருஷன் கை அந்தக் குழாய் மேல இருந்திருக்கு. நீ தூக்கம் சரியில்லன்னு சொல்றே.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

தேவாலயத்தில் நானும் எல்லோரோடும் பாடினேன். வெட்கம் கெட்ட வாய்.

பன்றித்தொடையை வெட்டும்போது ஆமோஸ் சொன்னான்: "கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை சோதிப்பாங்களாம். அந்தக் குதிரைக் கதையைக் கொஞ்சம் ஓட்டுவோமா?"

சுடுதளத்தில் நடந்ததைக் கேட்டிருக்க வேண்டும். "எனக்கு வேலையிருக்கு," என்றேன்.

"நீ இல்லாம வேற யாரு சொல்லித் தருவா, கோரி?"

சொல்லிக்கொடுத்தேன். மரிசெல் வந்து போன அதே சமையலறையில்.

ஏன் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் மானத்துக்காக, அவனுடைய இத்தனை வருட உழைப்புக்காக என்றெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். அதுவும் உண்டுதான். ஆனால் அடியில் கிடப்பது வேறு. அவன் போய்விட்டால் ஒன்பது மாதம் வீடு அமைதியாக இருக்கும். கதவு அறையும் சத்தம் இருக்காது. யார் முன்னால் என்ன சொல்லிவிடுவானோ என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நான் நிம்மதியாக இருக்க, நாற்பது பேரை அவன் கையில் கொடுத்து அனுப்பப் பார்க்கிறேன்.

இதை எழுதிய பிறகும் கோடு போட்டு அடித்துவிட வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கிளம்புமுன் சோதனை. இந்தத் தடவை டாக்டர் ஹாலோரனே பார்த்தார். "இது ஆராய்ச்சி இல்ல, நான் உங்க டாக்டர். இது உங்க மருத்துவக் கோப்புல ஏறும்," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆமோஸ் விரும்பினால் மனைவியும் உட்காரலாம் என்றார். "இருக்கட்டும், என் ராசிக்காரி," என்றான் ஆமோஸ்.

அவர் ஐந்து சொற்கள் சொன்னார். தொப்பி, பாலம், வெண்ணெய், மணல், ஊசி. புதியவை. இதுவரை யாரும் வெளியே வந்து சொல்லாதவை. ஆமோஸ் உடனே திருப்பிச் சொன்னான், நான்கு வந்தன. பிறகு மாதங்கள், ஆகஸ்டில் தடுமாறி எப்படியோ முடித்துவிட்டான். பிறகு கண்ணை மூடி நின்றான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டான், சிரித்தான்.

"முதல்ல அஞ்சு வார்த்தை சொன்னேனே, ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க."

ஆமோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "குதிரை, எலுமிச்சை, ஏணி, சாவி, மேகம்." தடங்கலில்லாமல், தெளிவாக. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

டாக்டர் பேனாவை வைத்தார். "சார்ஜெண்ட், இதுல ஒண்ணைக்கூட நான் சொல்லலையே."

"நல்லா இருக்கே! நீங்க மறந்துட்டீங்க டாக்டர். உங்களுக்கும் ஒரு சோதனை வைக்கணும் போல."

"நான் சொல்லலை."

அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என் பக்கம் திரும்பினான். கல்யாணமான நாள் முதல், சந்தேகம் வந்தால் அவன் திரும்புகிற பக்கம் இதுதான்.

"கோரி, நீயே சொல்லு. அவங்க குதிரைன்னு சொன்னாங்கல்ல?"

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவன் காதில் அது கேட்டிருக்கிறது. நான் புகட்டியது மட்டும் அவனுக்குள் நிற்கிறது. சற்று முன் கேட்டது ஒன்றுகூட இல்லை.

"இல்ல ஆமோஸ். அதைச் சொன்னது நான். நம்ம வீட்டுல. நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டு பொட்டலம் கோழி, பன்றிக் கதை, கடைக்காரப் பெண், அவன் கத்தும்போது எனக்கு வருகிற பயம், போன மாதம் இதே டாக்டரிடம் நான் சொன்ன பொய்கள். குழாயில் நின்ற குண்டையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது ஆமோஸ் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாயை மூடிய கை நோயலுடையது. அது விளையாட்டில்லை என்று அவனுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எத்தனை வீட்டுல இப்படிச் சொல்லித் தர்றாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லா வீட்டுலயும்," என்றேன்.

திரும்பும்போது நான் வண்டி ஓட்டினேன். சிவப்பு விளக்கில் நிற்கையில் ஆமோஸ் மெதுவாகச் சொன்னான்: "அவங்க குதிரைன்னுதான் சொன்னாங்க."

ஏப்ரல் 30, புதன்

ஆமோஸ் நான் வைத்த காப்பியைக் கொட்டிவிட்டுத் தானே போட்டுக்கொண்டான்.

மே 14, புதன்

முடிவு வந்துவிட்டது. ஆமோஸ் போகவில்லை. பிளாட்டூனை வேறொரு சார்ஜெண்ட் கொண்டுபோகிறார். மோர்ட்டார் பக்கம் இனி அவன் நிற்கக்கூடாது; வாரம் மூன்று நாள் சிகிச்சை. செய்தியைச் சொன்ன மேலதிகாரியிடம், "சரிங்க சார், சரிங்க சார்," என்றான். போனை வைத்துவிட்டு என்னிடம், "ஊரைக் கூட்டி என் துணியை உருவிட்டே," என்றான். இரண்டு வாரத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

தபால் நிலைய வாசலில் பேட்ரிஸ் வழிமறித்தாள். அவள் கணவனும் இதே பட்டாலியன். மருத்துவமனை எல்லாச் சொற்களையும் மாற்றிவிட்டதாம்.

"நாங்க எல்லாரும்தான் சொல்லிக் குடுத்தோம். உனக்கு மட்டும் என்னடி திடீர்னு ஞானம்? உன் புருஷன் கதை முடிஞ்சுது, அதனால எங்க புருஷன்களையும் இழுத்து விட்டியா?"

அவள் சொன்னதில் பாதி உண்மை. மாட்டிக்கொண்ட பிறகுதானே நான் வாயைத் திறந்தேன்? ஆமோஸ் அன்று சரியாகச் சொல்லியிருந்தால்?

சொல்லியிருக்க மாட்டேன். எழுதி வைக்கிறேன்: சொல்லியிருக்க மாட்டேன்.

மே 18, ஞாயிறு

மரிசெல் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொன்னேன், அன்று நீ கேட்டபோது நான் பொய் சொன்னேன் என்று.

"அன்னிக்கே தெரியும் மிஸ் கொரின். நீங்க என் முகத்தைப் பாக்கல." அவள் கண் கலங்கியது. "நீங்க நல்லா இருக்காருன்னு சொல்லிட்டா நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல வேண்டியதில்ல பாருங்க. அதுக்குத்தான் உங்களைக் கேட்டேன். நான் மட்டும் என்ன ஒழுங்கு."

வாழைக்காய் வறுவல் கொடுத்தாள். இருவரும் நின்றுகொண்டே தின்றோம்.

ஜூன் 7, சனி

பிளாட்டூன் கிளம்பியது. ஆமோஸ் வழியனுப்ப வர மாட்டான் என்று நினைத்தேன்; வந்தான். பைகளைப் பேருந்தில் ஏற்றிக் கொடுத்தான். இரண்டு பையன்களைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டான்; அவர்கள் திருத்தவில்லை. நோயல் அவனைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. பிறகு தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், மனைவிகளும் குழந்தைகளும் நிற்கிற இடத்தில், என்னிடமிருந்து தள்ளி நின்றான்.

பேருந்து போனதும் எனக்கு நெஞ்சு லேசானது. அப்பாடா என்று இருந்தது. அவன் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 26, வியாழன்

மரிசெல் காலையில் வந்தாள், நோயல் போனில் பேசியதைச் சொல்ல. அங்கே வெயில் கொளுத்துகிறதாம், சாப்பாடு மண்ணாம். நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். ஆமோஸ் உள்ளே வந்தான், அவளுக்கு வணக்கம் சொன்னான், மேசையில் உட்கார்ந்தான். சுவரைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.

பிறகு, அவள் இருக்கும்போதே, சாதாரணமாகக் கேட்டான்: "இன்னிக்கு என்ன கிழமை?"

எனக்கு முகம் சுட்டது. சட்டென்று ஏதாவது சொல்லிச் சிரித்து மழுப்ப வாய் திறந்துவிட்டேன்.

"வியாழன், சார்ஜெண்ட். குப்பை வண்டி வர்ற நாள்," என்றாள் மரிசெல், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"அட ஆமா," என்று எழுந்தான். "கோரி, முட்டையை மூடி வை. வந்து சாப்பிடறேன்."

மூடி வைத்தேன். வெளியே அவன் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.