பூ இன்னும் பழுப்பாகவில்லை

செப்டம்பர் 19, சனி

இன்றைக்கு இவர் கஞ்சாவை வெட்டச் சொன்னார்.

வசந்தத்தில் விதை வாங்கிவந்து, பேப்பர் கப்பில் முளைக்கவைத்து, குளிர் விட்ட பிறகு பின்வளவில் நட்டவர் இவர்தான். கீமோவுக்குப் பிறகு தனக்குச் சாப்பாடு இறங்க உதவும் என்றார். இந்த நாட்டில் சட்டப்படியே சந்திக்குச் சந்தி கஞ்சாக் கடை இருக்கிறது, வாங்கினால் என்ன, நாலு சனம் வந்துபோகிற வீடல்லவா என்று கத்தினேன். “நான் நட்டதைத்தான் நான் எடுப்பன்” என்றார். பூவில் விதை பிடித்துவிடும் என்று ஆண் செடிகளைப் பார்த்துப் பிடுங்கினார். கோடை முழுக்க மற்றச் செடிகளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். பூவில் இருக்கிற வெள்ளை நார் பழுப்பாகும்வரை தொடவே கூடாது, ஒக்டோபர் நடுப்பகுதி வரை பொறுக்க வேண்டும் என்று எனக்குப் படிப்பித்ததும் இவர்தான்.

இப்போது கட்டிலைவிட்டு எழும்ப முடியவில்லை.

“இஞ்சேருங்கோ, பூ இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு” என்றேன்.

“தெரியும். இண்டைக்கே வெட்டும்.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

“வெட்டிப்போட்டீரோ?”

“ஓம்.”

என் கையை இழுத்து முகர்ந்து பார்த்தார். அந்தப் பூவை வெட்டினால் கை பிசுபிசுக்கும், சவர்க்காரம் போட்டாலும் மணம் போகாது. எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

“ஈரமாக் கிடக்கு” என்று மட்டும் சொன்னார். கையை விடவில்லை.