உம்முடைய லேசான துவக்கு

நண்பரே,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளும். சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கின்றன, சில கீழே தொங்குகின்றன. பென்சிலை இறுக்கிப் பிடிப்பதால் விரல் நோகிறது. ஒரு வரி எழுதியதும் கையை உதறிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். ஆனாலும் இது நானே எழுதுகிற கடிதம். சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

மேசையில் ஒரு வெற்றுக் கோது கிடக்கிறது. இன்று மத்தியானம் வெடித்த தோட்டாவின் கோது. மூக்கருகே கொண்டுபோனேன். எரிந்த மருந்தின் மணம் இன்னும் போகவில்லை. அந்த மணத்தோடு நீரும் வந்துவிட்டீர். உம்முடைய காருக்குள் எப்போதும் இந்த மணம்தான். உம்முடைய மனைவி அந்தக் காரில் கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொன்னதும் இதனால்தான்.

என் கடிதங்கள் எல்லாவற்றையும் நீர்தான் வாசித்தீர். எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் கண்ணால் ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டு, "ஒண்டும் இல்லை, பயப்படாதையும். டெர்மின் ஒண்டு, போய்ச் சந்திக்கிற நாள், தந்திருக்கிறாங்கள்" என்பீர். அதன் பிறகுதான் வாசிப்பீர். அப்போது எனக்கு இலக்கம் தெரியும், எழுத்து தெரியாது. நீர் போன பிறகு வந்த கடிதங்களை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒருநாள் எழும்பிப்போய்ப் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். முதலில் தமிழ், பிறகு ஜேர்மன் எழுத்து. இப்போது பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டு போகிறேன். இறங்க வேண்டிய இடம் சில நாள் தவறிப்போகிறது. அதுவும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

தோட்டாப் பெட்டியையும் வாசிக்கிறேன். முன்பு எனக்கு அது மஞ்சள் பெட்டி, நீலப் பெட்டி. மஞ்சள் பெட்டி வானத்தில் எறிகிற தட்டுகளைச் சுடுவதற்கான லேசான தோட்டா என்றும், நீலப் பெட்டி வேட்டைக்கான பலமான தோட்டா என்றும் இப்போது பெட்டியே என்னிடம் சொல்கிறது.

நீர் முதல் வேட்டைத் துவக்கு வாங்கிய நாளில் உம்மைக் கேலி செய்தது நினைவிருக்கிறதா? ஹனோவருக்கு வெளியே அந்தக் காட்டோரச் சுடுதளத்துக்கு என்னை முதன்முறை கூட்டிப்போனீர். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஆள், காசு குடுத்துத் துவக்கு வாங்கிறீரோ?" என்று கேட்டேன். நீர் சிரிக்கவில்லை. "அது ஆளைத் தேடின துவக்கு. இது தட்டைத் தேடுற துவக்கு. சும்மா இருந்து பாரும்" என்றீர். இயந்திரம் எறிந்த களிமண் தட்டு வானத்தில் போய்த் தூளானது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. சுடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு.

பிறகு இன்னொன்றும் வாங்கினீர், உம்மிடம் இருந்த இரண்டு துவக்கும் அரைத் தானியங்கி. ஒரு வெடி போனதும் கோதைத் தானே வெளியே எறிந்து அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும். இரட்டைக்குழல் வைத்திருந்த ஜேர்மன்காரருக்கு அவற்றைப் பிடிக்கவில்லை. அவர்களுடையதை மடித்து வைத்தால் உள்ளே தோட்டா இல்லை என்று தூரத்திலேயே தெரியும். உம்முடையதை மடிக்க ஏலாது. அதனால் காலி என்று காட்ட, தோட்டா ஏற்றுகிற வாய்க்குள் ஒரு சிவப்புத் துண்டைச் செருகிக்கொண்டு நடந்தீர். வலப்பக்கம் நின்றவரின் தொப்பியில் உம்முடைய கோது போய் விழுந்த நாளில் நீர் கேட்ட மன்னிப்புகளை நான் இன்னும் நினைத்துச் சிரிப்பதுண்டு.

இரண்டில் பாரமான துவக்கு, வெடியின் வாயுவில் ஒரு பங்கை எடுத்துத் தன் வேலையைச் செய்துகொள்ளும். தோளில் மெதுவாகத்தான் உதைக்கும். ஆனால் உள்ளே கரி பிடிக்கும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். லேசான துவக்கில் வாயு வேலை இல்லை, ஒரு சுருள்வில் மட்டும். கரியும் குறைவு. வேட்டைக்காகப் பீட் கிழங்கு வயலில் நாள் முழுக்கத் தூக்கி நடந்தாலும் கை சோராது. ஆனால் உதைக்கும். தட்டுக்குப் பின்னால் திருப்பும்போதும் வித்தியாசம் இருந்தது. பாரமானது புறப்படச் சோம்பும், புறப்பட்டால் நிற்காமல் போகும். லேசானது சட்டென்று எழும்பும், கை கொஞ்சம் தயங்கினால் அதுவும் நின்றுவிடும், தட்டு போய்விடும். வயலுக்கும் தட்டுக்கும் ஒரே துவக்கு போதுமா என்பதுதான் உம்முடைய கேள்வி. வருஷக்கணக்காக அதையே கேட்டீர்.

அந்த லேசான துவக்கைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன்.

உம்முடைய மகள் வாணி வேட்டை அனுமதிக்கான சோதனை பாஸ் பண்ணியபோது அதை அவளிடம் கொடுத்தீர். பிறகு அது மக்கர் பண்ணத் தொடங்கியது. மஞ்சள் பெட்டித் தோட்டா போட்டால் முதல் வெடி போகும், கோது பாதி வெளியே வந்து கடிபட்டு நிற்கும். எல்லோருக்கும் முன்னால் அவள் முகம் சிவந்துபோய் நின்றாள். "தோட்டா சரியில்லை" என்று நீர் பெட்டியைத் திட்டினீர். மற்றத் துவக்கைத் தாருங்கோ என்று அவள் கேட்டதற்கு, உனக்கு அது பாரம் என்று சொல்லிவிட்டீர். அதோடு அவள் சுடுதளத்துக்கு வருவதை விட்டாள். கொஞ்ச நாளில் நீர் படுக்கையில் விழுந்தீர். அவளோடு பேசி முடிக்காமலே போய்விட்டீர்.

இன்று அவள் துவக்குகளை விற்கச் சுடுதளத்துக்குக் கொண்டுவந்தாள். சுடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹெல்காவே வாங்குவதற்கு ஆளும் பார்த்து வைத்திருந்தாள்.

"ரெண்டையுமோ விக்கப் போறாய்?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா. அப்பாக்கு நான் வேட்டைக்கு வாறது விருப்பமில்லை. வேண்டாமெண்டு வாயால சொல்லேலாமல், பழுதானதை என்ர கையில தந்திட்டு நல்லதைத் தான் வச்சிருந்தவர்."

"அவர் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை, பிள்ளை."

"உங்களுக்கு அவர் கூட்டாளி. எனக்கு அப்பா."



விற்குமுன் லேசான துவக்கில், தோளில் படுகிற பிடங்கின் பின்பக்க ரப்பரை மாற்ற வேண்டும் என்றாள் ஹெல்கா. பழையதில் வெடிப்பு விழுந்திருந்தது. வாணி இரண்டு திருகாணிகளைக் கழற்றினாள். ரப்பர் வந்தது. உள்ளே பொந்து. பொந்துக்குள் ஒரு காலுறை, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அவிழ்த்தபோது ஈயக் குண்டுகள் மேசையில் உருண்டன. தூண்டிலில் கட்டுகிற குண்டுகள்.

ஹெல்கா தலையில் கை வைத்தாள். "எந்த முட்டாள் இதைச் செய்தது? இது பின்னால் துள்ள வேண்டிய துவக்கு. துள்ளினால்தான் உள்ளே வில் அமுங்கிக் கோதை வெளியே எறியும். இவ்வளவு ஈயத்தை ஏற்றிவிட்டு லேசான தோட்டாவைப் போட்டால் எப்படித் துள்ளும்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. திருப்பித் திருப்பிக் கேட்டேன். பஸ் திடீரென்று இழுத்தால் நிற்கிறவர்கள் பின்னால் சாய்வார்கள் அல்லவா, மெதுவாக எடுத்தால் ஒருவரும் அசையமாட்டார்கள், அதுபோலத்தான் என்று விளங்கியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன். துவக்கில் பழுதே இல்லை. தோட்டாவிலும் இல்லை.

அந்த முட்டாள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் என்னைத் தூண்டில் கடைக்குக் கூட்டிப்போனீர். வாழ்நாளில் ஒரு மீன் பிடிக்காத ஆள். "என்னத்துக்கு ஈயம்?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் உமக்குச் சொல்லோணுமோ?" என்றீர். அதை வாணியிடம் சொன்னேன்.

"எப்ப மாமா?"

"நீ இதை முதல்முதல் சுட்டிட்டு, தோள் நீலமாய்க் கண்டிப்போய், இனி வரமாட்டன் எண்டு அழுதாய் எல்லே? அதுக்கு அடுத்த கிழமை."

அவள் ஒரு குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் மேலும் கீழும் அசைத்தாள். பிறகு காலுறையை விரித்துப் பார்த்தாள். உம்முடையதுதான். குதிக்கால் பக்கம் ஓட்டை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள். "சொல்லியிருந்தா நான் ஈயத்தை எடுத்துப்போட்டு வேற என்னவும் யோசிச்சிருப்பன்."

ஓம், சொல்லியிருக்கலாம். இதை நான் உமக்கு எழுதத்தான் வேண்டும். பிள்ளைக்கு நோகக்கூடாது என்று நினைத்தீர், அது சரி. ஒருவரிடமும் கேட்காமல் இருட்டில் வைத்தியம் பார்த்துவிட்டீர்.

ஈயம் இல்லாமல் புது ரப்பரைப் பூட்டியதும் மஞ்சள் பெட்டியை நீட்டினேன். அவள் ஏற்றினாள். ஹெல்கா இயந்திரத்தை இழுத்தாள். முதல் தட்டு தப்பியது, ஆனால் கோது பாய்ந்து வந்து என் சப்பாத்தருகே விழுந்தது. இரண்டாவது வெடி தடங்கலே இல்லாமல் போனது, தட்டு தூள். உதை அவளை அரை அடி பின்னால் தள்ளியிருந்தது. ஈயத்தில் பாதியையாவது திரும்ப வைத்துப் பார்ப்போமா என்று ஹெல்கா கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் வாணி. என் பக்கம் திரும்பித் தமிழில், "இடிக்கட்டும் மாமா" என்றாள்.

விற்கவில்லை. இரண்டையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். பாரமானதைத் தட்டுக்கும் லேசானதை வயலுக்கும் வைத்துக்கொள்வாளாம். ஒரே துவக்கு போதுமா என்ற உம்முடைய கேள்விக்கு அவளுடைய பதில் அது. எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. குளிரில் தடித்த உடுப்பும் கையுறையும் போட்டு நிற்கும்போது எது முந்தும் என்று நாங்கள் ஒருநாளும் ஒழுங்காகப் பார்க்கவில்லையே. எழுத்துப் படித்த பிறகு எதையும் பாதியில் விட மனம் வருவதில்லை. ஆனால் இந்த ஆசை எழுத்தால் வந்தது இல்லை, சனிக்கிழமைகளில் உம்மோடு இருந்து ஒட்டிக்கொண்டது.

வருகிற சனிக்கிழமை குளத்தடியில், தண்ணீருக்குப் பறந்துவரும் காட்டுத்தாரா வேட்டை. நீர் வழக்கமாக நின்ற இடத்தை வாணிக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் அவளுக்கு இடப்பக்கமாக, கோது விழாத இடத்தில் நிற்பேன். அவளுடைய தோள் எப்படி, தாரா விழுந்ததா, துவக்கு சிக்கி நின்றதா எல்லாம் அடுத்த கிழமை எழுதுகிறேன். அதற்குள் என் விரல் நோவும் ஆறிவிடும்.