பின்னால் மட்டும் இரண்டு புது டயர்

22 அக்டோபர் 2025
தீபாவளிக்கு வந்த என் மகன் கணேசன், சென்னைக்குக் கிளம்பும் முன் என் காருக்குப் பின்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. மாற்றினால் நாலையும் மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்துக் காட்டினேன்.
"விக்கிறவன் அப்படித்தாம்மா எழுதுவான்."

6 நவம்பர்
மழை. குருவிகுளத்து நிலத்துக்கு நானே ஓட்டிப் போனேன். கரிசல் பாதையில் இறங்கிய கையோடு எச்சரிக்கை விளக்கு: சூடு அதிகம், பின்சக்கர இழுவை நின்றது. முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. டிராக்டரில் கட்டி இழுத்தார்கள். கொழுந்தன் ஆறுமுகச்சாமி எல்லாருக்கும் கேட்கும்படி, "இனி வண்டியத் தொடாதிய மைனி. ஆட்டோவுல போங்க" என்றார். சிரித்தார்கள்.

7 நவம்பர்
அம்மாவுக்கு வயசாகிவிட்டது, சாவியை வாங்கி வையுங்கள் என்று கணேசன் போனில் சொன்னானாம். கொழுந்தன் வந்து சாவியை வாங்கிப் போனார். என் நிலத்துக்குப் போக நான் இன்னொருவரைக் கேட்டு நிற்க வேண்டும்.

9 நவம்பர்
வயசாம். யாருக்கு வயசு? எனக்கா, அந்த முன்டயருக்கா?
தையல் டேப்பால் டயர்களைச் சுற்றி அளந்தேன். பின்டயர் ஓர் அங்குலத்துக்கு மேல் பெரிது. மறுபடி அளந்தேன், கான்வென்ட்டில் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் எமிலி ஒரு தடவை மட்டும் அளந்து துணி வெட்ட விட்டதில்லை.
சாதாரணமாக இந்த வண்டியை இழுப்பது முன்சக்கரங்கள்தான். அவை பின்சக்கரங்களைவிட வேகமாகச் சுற்றினால் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். பின்சக்கர அச்சில் உள்ள கிளட்ச் தட்டுகளை இறுக்கி, எஞ்சின் பலத்தில் ஒரு பங்கைப் பின்னுக்கு அனுப்பும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் தேய்ந்த முன்டயர் சிறியது, அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். தார் ரோட்டிலேயே வழுக்குவதாகக் கம்ப்யூட்டர் நினைத்து, வழியெல்லாம் தட்டுகள் இறுகி உரசிச் சூடேறி, நிஜமான சேறு வந்தபோது கைவிட்டுவிட்டது.
இதைச் செய்தவன் அவன். சாவி போனது எனக்கு.
டேப்போடு படம் எடுத்துக் கணேசனுக்கு அனுப்பினேன். வேறொன்றும் எழுதவில்லை.

10 நவம்பர்
நீல டிக் விழுந்துவிட்டது.

16 நவம்பர்
கணேசன் வந்தான். சித்தப்பாவிடம் சாவியை வாங்கி, முன்னாலும் அதே ரகத்தில் புது டயர் போட்டு வந்தான். குருவிகுளத்துக்கு அவனே ஓட்டினான். அதே சேறு. முன்சக்கரம் ஒரு கணம் நழுவியது. பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் வண்டி ஏறி வந்துவிட்டது. விளக்கு எரியவில்லை. கொழுந்தன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.
வண்டியை நிறுத்தி, சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தான்.
"நீங்க ஓட்டுங்கம்மா."
மன்னிப்பு அவன் வாயில் வராது. அவன் அப்பாவும் போய்ச் சேரும்வரை கேட்டதில்லை.
சீட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தான். என் உயரத்துக்கு இழுத்துக்கொண்டேன்.