குப்பியில் அனுப்பிய காற்று

லிவர்மோர்
15 ஜூன் 2024

அருமை அம்மிணி வான்மதிக்கு,

இரண்டு ஏக்கர் கத்தரிக்காய் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன் கிட்டுசாமி எழுதுவது. இத்துடன் இருபத்து நான்கு குப்பிகள். தபால் ஆபீஸ் பெண் உள்ளே என்ன என்றாள். தோட்டத்துக் காற்று என்றேன். போலீசைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள்.

நீ சொன்னபடி மண்மேல் டப்பாவைக் கவிழ்த்து, உள்ளிருந்த காற்றை ஊசியில் உறிஞ்சி அடைத்தேன். ஆறு வரிசைக்கு முழு உரம், ஆறுக்குப் பாதி. உரம் குறைந்தால் மண் விடுகிற சூட்டு வாயு குறையும் என்கிறாய். பூமி குளிரட்டும், சாமி. ஆனால் அந்தப் பாதி வயிற்றுச் செடிகள் வெளுத்துப்போய் நிற்கின்றன. நேற்று ஒன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, சத்தியமாக.

அத்தை விசாரித்தாள்.

மாமா

ரவுண்ட் ராக்
3 ஜூலை 2024

அன்பு மாமாவுக்கு,

இரண்டாவது பெட்டியும் பத்திரமாக வந்தது. அதில்தான் சிக்கல். பாதி உர வரிசைகளில் நைட்ரஸ் ஆக்ஸைடு, அதாவது அந்தச் சூட்டு வாயு, முழு உர வரிசைகளைவிட இரண்டு மடங்கு. மூன்று தடவை ரன் பண்ணிவிட்டேன், மெஷின் சரியாக இருக்கிறது. யாராவது உரம் போட்டிருப்பார்களோ என்றுகூடத் தோன்றியது. நீங்கள் இருக்கும்போது யார் போடுவார்கள்?

அப்படியென்றால் என் யோசனையே தப்பு. பதினெட்டாம் தேதி புரொஃபசரிடம் நிறுத்திவிடலாம் என்று சொல்லப்போகிறேன். மூன்று வருஷம், மாமா. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

வான்மதி

லிவர்மோர்
7 ஜூலை 2024

வான்மதி,

சக்கரவர்த்தி ராஜினாமா செய்துவிட்டான். போட்டது நான்தான்.

முதல் பெட்டி அனுப்பிய மறுநாள் மத்தியானம், அத்தை கோவிலுக்குப் போயிருந்தபோது, ஒரு வாளி யூரியா, கை கையாக. தண்ணீரும் பாய்ச்சினேன். செடி வாடினால் உன் ஆராய்ச்சி தோற்றுவிடும் என்று பயந்தேன். பச்சைப்பசேல் என்று நின்றால், 'பாதி உரத்திலேயே இப்படியா' என்று உன் புரொஃபசர் அசந்துபோவார் என்று கணக்குப் போட்டேன். காற்றே காட்டிக்கொடுக்கும் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை.

உன் யோசனையில் தப்பில்லை, கண்ணு. இதை அவரிடம் வாசித்துக் காட்டு. என் பெயரை மறைக்காதே.

கிட்டுசாமி

ரவுண்ட் ராக்
20 ஜூலை 2024

மாமா,

வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஆராய்ச்சி நிற்கவில்லை, இந்த வருஷத்து அளவுகள் மட்டும் குப்பைக்குப் போய்விட்டன. அடுத்த வருஷம் வேறொருவர் தோட்டத்தில் செய்யச் சொன்னார். நானும் சரி என்றேன். உங்களிடம் இதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது.

ரெண்டு நாள் அத்தையின் போனைக்கூட எடுக்கவில்லை. இப்போது பேசலாம். தீபாவளிக்கு வருகிறேன். தோட்டத்துக்கு இல்லை, வீட்டுக்கு.

வான்மதி

லிவர்மோர்
21 ஜூன் 2025

அம்மிணி,

புதுத் தோட்டக்காரர் நல்லவரா? உர மூட்டைப் பக்கம் போகாதவராக இருக்கட்டும். நானாக இருந்தாலும் எனக்கு அந்த வேலையைத் தரமாட்டேன்.

இங்கே இந்த வருஷம் பன்னிரண்டு வரிசைக்கும் பாதி உரம்தான். அளக்கக் குப்பி இல்லை, கேட்க ஆள் இல்லை. இலை வெளுக்க ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், பார்த்தால் கை யூரியா வாளியைத் தேடும். "யாருக்குங்க இப்படிப் பயப்படறீங்க?" என்கிறாள் அத்தை.

பூ விட்டிருக்கிறதாம். அவள்தான் சொன்னாள்.

மாமா