உள்வீட்டுக் கதவு

சீகிரியா வீதி,
இனாமலுவ.
ஆனி 14

அன்பின் ஸைனம்புக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதத்தைக் கண்டு பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறோமே, இந்த மனுசனுக்கு இப்போது தபால் எதற்கு என்று நினைப்பாய். நீ ஃபோனை எடுத்தால் பக்கத்தில் மகள் றிப்கா, அவளுக்குப் பக்கத்தில் மருமகன், உன் மடியில் பேரன் ஹுஸ்னி. நான் ஒரு வார்த்தை சொன்னால் மெல்பேர்ன் முழுக்கக் கேட்கிறது. ஹுஸ்னி ஃபோனை வாயில் வைத்துக் கடித்தானென்றால் அத்தோடு பேச்சும் முடிந்தது. புருசனும் பெண்சாதியும் தனியாகப் பேச வேண்டியது ஒன்றும் இருக்காதா? இதை நீ மட்டும் படி.

போன கிழமை நம் கெஸ்ட் ஹவுஸைப் பார்க்கத் தீயணைப்பு அதிகாரி ஒருவர் வந்தார். ஜயதிலக்க என்று பெயர். நெருப்புப் பிடித்தால் விருந்தாளிகள் தப்பிப் போக வழி இருக்கிறது என்று அவர் சான்றிதழ் தந்தால்தான் இந்த முறை லைசன்ஸைப் புதுப்பிப்பார்களாம். இல்லாவிட்டால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான். கழற்றினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். வீட்டை விற்றுவிட்டு இங்கே வாருங்கள் என்று றிப்கா ஒற்றைக்காலில் நிற்பாள். மூடிய விடுதிக்குக் காவல் இருக்கிறேன் என்று நானும் அவளிடம் சொல்ல முடியாது. அங்கே வந்து நான் என்ன செய்வது? ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தவன் காரை எண்ணுவதா?

வந்தவர் நல்ல பிள்ளை. ஆனால் விடாக்கண்டன். கேஸ் சிலிண்டரைக் குசினிக்கு வெளியே வைக்கச் சொன்னார், சரி என்றேன். நெருப்பணைக்கிற சிவப்புச் சிலிண்டர் இரண்டு மாட்டச் சொன்னார், சரி. புகை வந்தால் கத்துகிற வட்டப் பெட்டிகளைக் கூரையில் பொருத்தச் சொன்னார், அதற்கும் சரி. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே பின்னால் போனேன். நடையின் கடைசிக்குப் போய், உள்வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

இது எங்கே போகிறது என்று கேட்டார். இது வீட்டாக்கள் பக்கம், விருந்தாளிகளுக்கு இல்லை என்றேன். அவர் திரும்பிக் குசினியைக் காட்டினார். குசினி வீட்டுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே நெருப்புப் பிடித்தால் மூன்றாம் அறையிலும் நாலாம் அறையிலும் இருப்பவர்கள் முன்வாசலுக்கு ஓட முடியாது. அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி இந்தக் கதவைத் திறந்து, உன் அறைக்குள்ளால் போய், பின்கதவால் பலாமரத்தடிக்கு இறங்குவது. இரண்டு கதவும் இரவும் பகலும் சாவி இல்லாமல் திறக்க வேண்டும், தள்ளினால் போதும் என்றிருக்க வேண்டும் என்றார். நாலாம் அறைச் சுவரை உடைத்துக் கதவு போடுகிறேன் என்றேன். அது பக்கத்துக் காணியின் எல்லை, முடியாது. அந்த இரண்டு அறையையும் மூடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். மிச்சம் இரண்டு அறையை வைத்துக்கொண்டு கெஸ்ட் ஹவுஸ் என்று சொன்னால் சந்தியில் நிற்கிற ஓட்டோக்காரர்களே சிரிப்பார்கள்.

இது உன் சீதன வீடு. முதலில் முன்னறையைக் கேட்டேன், கொடுத்தாய். றிப்கா கல்யாணம் முடிந்து போனதும் அவளுடைய அறையையும் கேட்டேன். கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டே பின்னால் போய், கடைசியில் நடைக்குக் குறுக்கே அந்தக் கதவைப் போடச் சொன்னாய். இந்தக் கதவுக்கு உள்ளுக்கு நான் மட்டும்தான், ஒங்கட ஆக்கள் ஒருத்தரும் வரக்கூடாது என்று விரலை நீட்டிச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து நீ முன்வாசலால் வந்ததே இல்லை. கலேவெல சந்தைக்குப் போய்வந்தால்கூட ஓட்டோவைச் சுற்றிப் பின்பாதையால் விடச் சொல்லி, மரக்கறிப் பையோடு பின்கதவால் நுழைவாய். உன் கையால் சுட்ட ரொட்டியைத் தின்ற வெள்ளைக்காரர்கள், உங்களுக்கு உண்மையிலேயே மனைவி இருக்கிறாரா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

நோனா எங்கே என்று ஜயதிலக்க உன்னை விசாரித்தார். மகளிடம், வெளிநாட்டில் என்றேன். எப்போது வருவார் என்றார். நான் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

திறந்துவிட்டேன், மன்னித்துக்கொள். றிப்காவுக்குப் பேறு பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போனாயே, ஒன்றரை வருசமாக அன்று வைத்தது வைத்தபடிதான் அறை இருந்தது. தொழுகைப் பாய் நாற்காலியில் மடித்தபடி. கலண்டரில் நீ புறப்பட்ட மாதம். ஜயதிலக்க வாசற்படியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒரு சாமானையும் தொடாமல் டேப்பைப் பிடித்து அளந்தார். நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டார். முன்னால், விறாந்தைக் கட்டிலில் என்றேன். அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

அந்த அறை உன்னுடையது. உன்னைக் கேட்காமல் ஒரு ஆணியைக்கூடக் கழற்ற மாட்டேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம், போர்டை இறக்கிவிடுகிறேன். பதிலை மட்டும் றிப்காவிடம் சொல்லி அனுப்பாதே. நீயே சொல்.

பிள்ளைகளுக்கு என் சலாம். ஹுஸ்னிக்கு முத்தம்.

உன்,
சாலிஹ்

*

இனாமலுவ.
ஆடி 20

அன்பின் ஸைனம்புக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் கடிதம் கிடைத்து நீ எடுத்த ஃபோன் கோல் அரை நிமிடம்கூட இருந்திருக்காது. பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. குளியலறைக்குள் போய் நின்றுதானே பேசினாய்? தொறங்க, மனுசர் உசிரு பெருசா, என் அறை பெருசா என்றாய். அப்புறம், கட்டிலைச் சுத்தி ஒரு திரை மட்டும் போடுங்க என்றாய். அதற்குள் ஹுஸ்னி கதவைத் தட்டினான், போய்விட்டாய்.

அந்தத் திரையைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன். திரும்பி வராத மனுசி கட்டிலுக்கு ஏன் திரை கேட்கிறாள்? இப்படி ஒரு கணக்குப் போட்டு நாலு நாள் சந்தோசமாக இருந்தேன். ஐந்தாம் நாள், இவள் என்றைக்கும் அடக்கமான பெண்தானே, இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரை கேட்கத்தான் செய்வாள் என்று தோன்றியது. சந்தோசம் போய்விட்டது. ஆனாலும் மாத்தளைக்குப் போய் நீல நிறத்தில் நல்ல துணியாக வாங்கினேன். ஜெஸீமா தைத்துத் தந்தாள். அவள் காலையில் வந்து ரொட்டி சுட்டு, அறைகளைக் கூட்டிவிட்டுப் போகிறாள். மாமி எப்ப வாராங்க என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்கிறாள், நானும் இன்ஷா அல்லாஹ் என்கிறேன்.

தச்சு வேலை செய்கிற அன்ஸாப் பாஸ் வந்து இரண்டு கதவையும் மாற்றினார். மனுசன் வேலையில் கெட்டி, வாயிலும் கெட்டி. நடையில் இருந்த பழைய கதவைக் கழற்றும்போது என்னைப் பார்த்து, காக்கா, பெண்சாதியக் காவல் காத்த கதவா இது என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது இரண்டிலும் இடுப்பு உயரத்துக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது. கை வைத்துத் தள்ளினால் திறக்கும், விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். பின்கதவுக்கு மேலே ஒரு பச்சை விளக்கு. கரண்ட் போனாலும் அணையாது. அதில் ஒரு மனுசன் ஓடிக்கொண்டிருக்கிறான். எப்போது பார்த்தாலும் வீட்டை விட்டு வெளியேதான் ஓடுகிறான், உள்ளே வருகிற மாதிரி ஒரு படம் யாரும் கீறவில்லை.

உன் அலுமாரியைச் சுவரோடு தள்ளிவைத்தோம். வழியை மறிக்கக்கூடாதாம். தொழுகைப் பாய் திரைக்கு உள்ளே இருக்கிறது. கலண்டரை நான் மாற்றவில்லை.

இங்கே மழை இல்லை, காற்றுத்தான். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. விருந்தாளிகள் வருகிறார்கள், சீகிரியாக் குன்றில் ஏறுகிறார்கள், இறங்கி வந்து கால் வலிக்கிறது என்கிறார்கள். வீடு நிறைய ஆட்கள் இருந்தாலும் இரவில் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பேச ஆள் இல்லை, ஸைனம்பு. ஃபோனில் இதை எப்படிச் சொல்வது?

முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறாயா? அங்கே குளிர் என்கிறார்கள். உன் உடம்புக்கு அல்லாஹ் ஆஃபியத்தைத் தரட்டும்.

உன்,
சாலிஹ்

*

இனாமலுவ.
ஆவணி 9

அன்பின் ஸைனம்புக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் சிரிக்கிற சேதி. உன் சாம்பிராணியால் இரண்டு ஜெர்மன்காரர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

வியாழக்கிழமை மஃரிப் தொழுததும் நீ உள்வீட்டில் சாம்பிராணி போடுவாயே, நீ போன பிறகும் நான் அதை விடவில்லை. உன்னிடம் சொன்னதில்லை. அன்றைக்கும் சிரட்டைக் கரியை மூட்டி, சட்டியை எடுத்துக்கொண்டு நடையால் வந்து உன் அறைக்குள் நுழைந்தேன். கூரையில் புதிதாகப் பொருத்திய வட்டப் பெட்டி ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. அது ஒரு சத்தம் போட்டது பார், இனாமலுவ சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். நான் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி விறைத்து நிற்கிறேன். நாலாம் அறையில் இருந்த வயதான புருசனும் பெண்சாதியும், வந்த அன்றைக்கு நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தார்கள். நடைக் கதவைத் தள்ளி, என்னைத் தாண்டி, உன் திரையை உரசிக்கொண்டு, பின்கதவைத் தள்ளி வெளியே போய்விட்டார்கள். அந்த மனுசனுக்குத் தலையெல்லாம் சவர்க்கார நுரை, இடுப்பில் துவாய்.

நீ போன பிறகு அந்த நேரத்தில் என் காலடியைத் தவிர வேறு காலடிச் சத்தம் உன் அறைக்குள் கேட்டது அன்றைக்குத்தான். கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. இன்னும் இரண்டு பேர் ஓடிவர மாட்டார்களா என்றிருந்தது.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு, பயமில்லை என்று சொல்ல நானும் அவர்கள் பின்னால் வெளியே போனேன். பலாமரத்தடியில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொறாமையாக இருந்தது என்று எழுதினால் சிரிப்பாய். பொறாமையாகத்தான் இருந்தது. நெருப்பு இல்லை, வாசனைப் புகைதான் என்று விளக்கிச் சொன்னதும் அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திரும்பி உள்ளே போகலாம் என்று பார்த்தால் பின்கதவு சாத்தியிருக்கிறது. பிடித்து இழுக்க வெளிப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் பலகை. உள்ளே இருப்பவர்கள் வெளியே போவதற்கு மட்டும் செய்த கதவு அது. அவர்கள் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. கையால் அந்தப் பலகையைத் தடவிக்கொண்டு நின்றேன். நீ ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினால், உன் வழக்கப்படி பின்பாதையால் பையோடு வந்து இந்த இடத்தில்தானே நிற்பாய்? உன் வீட்டுக்குள் உன்னால் நுழைய முடியாத மாதிரி ஒரு கதவை நானே போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டி கத்திய சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

மறுநாளே அன்ஸாப் பாஸைக் கூப்பிட்டேன். வெளிப்பக்கத்தில் ஒரு பித்தளைக் கைபிடியும் ஒரு பூட்டும் போடச் சொன்னேன். உள்ளேயிருந்து போக எப்போதும்போல் தள்ளினால் போதும். வெளியேயிருந்து வரத்தான் சாவி வேண்டும். மனுசன் இந்த முறை ஒன்றும் பகிடி விடவில்லை. இரும்புக் கைபிடி போதுமே என்றார், பித்தளைதான் வேண்டும் என்றேன்.

நேற்று ஜயதிலக்க கடைசிப் பார்வைக்கு வந்தார். எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தார், கரண்டை நிறுத்திப் பச்சை விளக்கைப் பார்த்தார், சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். பின்பக்கம் சுற்றி வந்து கைபிடியைக் கண்டதும் நின்றார். மாத்தயா, இது போகிற கதவு, வெளியே கைபிடி தேவையில்லையே, நான் கேட்கவும் இல்லையே என்றார். நோனா இந்தப் பக்கத்தால்தான் வருவார் என்றேன். அவர் உள்ளே போய்க் கம்பியைத் தள்ளினார், கதவு லேசாகத் திறந்தது. பிறகு வெளியே வந்து அந்தக் கைபிடியையும் ஒரு தரம் பிடித்து இழுத்துப் பார்த்தார், கெட்டியாக இருக்கிறதா என்று. எல்லாம் சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். போர்டை இறக்க வேண்டியதில்லை.

இனி றிப்கா வீட்டை விற்கச் சொல்ல மாட்டாள். அவள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், எனக்கும் தெரிகிறது. அவளுக்கும் உம்மாதான் நீ. உன்னை இரண்டாக வெட்டச் சொல்ல நான் கல்நெஞ்சன் இல்லை. வா என்று நான் ஃபோனில் ஒரு நாளும் சொன்னதில்லை, எல்லாரும் கேட்பார்கள் என்று. இங்கே கேட்க யாரும் இல்லாததால் எழுதுகிறேன். வா, ஸைனம்பு.

சாம்பிராணியை இனி பலாமரத்தடியில்தான் போட வேண்டும். நீ வந்து என்னைத் திட்டு.

அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று இங்கே ஆணியில் தொங்குகிறது. மற்றதைத் துணியில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தபாலில் தொலைந்துபோனாலும் கவலைப்படாதே. பின்பக்கம் வந்து கைபிடியை இரண்டு தரம் ஆட்டு, கேட்கும். விறாந்தைக் கட்டிலை மடித்துவிட்டேன், இப்போது நான் உள்வீட்டில்தான் படுக்கிறேன்.

உன்னையும் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பில் வைக்கட்டும்.

உன்,
சாலிஹ்