சாய்ந்த சுவரின் நீளம்

மார்ச் 6, வியாழன்

காலை 11.42. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் இரண்டாவது மாடி ஹால். டைல்ஸுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் அண்ணன் படியேறி வந்தார். மெக்கானிக் ஷெட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறார், கையெல்லாம் கிரீஸ்.

"மாப்ள, அவ போயிட்டா. ஸ்கூட்டர்ல போறப்ப லாரி... போயிட்டா மாப்ள."

நான் சொன்னது: "ஒரு நிமிஷம் மச்சான்."

சொல்லிவிட்டுக் குனிந்து கணக்கை முடித்தேன். சரிவகமான ஹால். இணையான இரண்டு சுவர்களையும் கூட்டி, பாதியாக்கி, பெருக்கி, சதுர மீட்டர் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். தாளை மேஸ்திரியிடம் கொடுத்தேன். அப்புறம்தான் படி இறங்கினேன்.

மார்ச் 7

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 8

எல்லாம் முடிந்தது என்கிறார்கள். எது?

மார்ச் 10

படுக்கையறை. 3.6 பெருக்கல் 3. 10.8 சதுர மீட்டர்.

குடிவந்த அன்று, "ரெண்டு பேருக்கு இது போதுமாங்க?" என்றாள். ஆளுக்கு 5.4 வரும், தாராளம் என்றேன். "அடப்பாவி, கட்டின பொண்டாட்டிகிட்டயே பாகப்பிரிவினையா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது 10.8-ம் எனக்கே.

அவள் உட்கார்ந்து தலைவாரும் முக்காலி. வட்டம். ஆரம் 15 சென்டிமீட்டர். ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கினால் 0.07 சதுர மீட்டர். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஏன் அளக்கிறேன்? டேப்பைக் கீழே வைக்கிறேன், உடனே மறுபடி எடுத்துவிடுகிறேன்.

மார்ச் 13

மச்சான் வந்தார். உட்காரவில்லை.

"தங்கச்சி செத்துட்டானு வந்து சொல்றேன். நீ கணக்குப் போடுற."

"ஆமா மச்சான்."

"ஆமாவா? மனுஷனாடா நீ? கல்லா?"

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாராம்.

அவர் கேட்டதுல தப்பென்ன இருக்கு? ஒரு வாரமாச்சு, ஒரு சொட்டு கண்ணீர் வரல. அவளைவிட அந்த ஹால் எனக்குப் பெருசா? அந்த ஒரு நிமிஷம் நான் யாரு?

மார்ச் 15

ஜன்னல் வெயில் தரையில் விழுகிறது. இணைகரம். அடிப்பக்கம் 90 சென்டிமீட்டர், உயரம் 60. அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அரை மணி கழித்துப் பார்த்தால் இன்னும் சாய்ந்திருக்கிறது, ஆனால் உயரம் ஏறக்குறைய அதேதான். பரப்பும் அதேதான். எவ்வளவு சாய்ந்தாலும் செங்குத்து உயரத்தைத்தான் எடுக்க வேண்டும், சாய்ந்த பக்கத்தை அல்ல. பாலிடெக்னிக்கில் முதல் மாதப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மார்ச் 19

மேஸ்திரி போனில் கூப்பிட்டார்.

"சார், இந்த நேரத்துல கேக்கறது தப்புதான். அந்த ஹால் முடிஞ்சிருச்சு. அஞ்சு பெட்டி டைல்ஸ் பிரிக்காமலே கெடக்கு. நீங்க அளந்தா ஒரு பெட்டிக்கு மேல மிஞ்சாதே சார், எனக்கு மண்டை காயுது."

அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

என் கையெழுத்துதான். 8-ம் 5-ம் 13. பாதி, 6.5. இதுவரை சரி. அடுத்து உயரம் 4-ஆல் பெருக்கினால் 26. நான் 5-ஆல் பெருக்கி 32.5 என்று எழுதியிருக்கிறேன். 5 அந்தச் சாய்ந்த சுவரின் நீளம். படத்தில் உயரம் 4 என்று நானே குறித்திருக்கிறேன், அதைச் சுற்றி வட்டம் வேறு. அதை விட்டுட்டு —

ஒன்பது வருஷமா அளக்கிறேன். இந்தத் தப்பு ஒரு தடவைகூட இல்ல.

அப்போ கணக்குப் போட்டது யாரு? கை போட்டிருக்கு. நான் அங்க இல்லவே இல்லையே.

தரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. நிறுத்தத் தெரியவில்லை.

மார்ச் 20

தாளின் படத்தோடு ஷெட்டுக்குப் போனேன். மச்சான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவேயில்லை. சாக்பீஸால் தரையில் வரைந்தேன். இது உயரம், இது சாய்ந்த சுவர், நான் எடுத்தது இதை.

கடைசியில் தலையை நீட்டினார். "சரி, கூடப் போட்டுட்ட. அதுக்கு இப்ப என்ன?"

"நான் நானா இருந்தா இந்தத் தப்பைப் பண்ண மாட்டேன் மச்சான். பண்ணவே மாட்டேன்."

வெளியே வந்து குந்தினார். சாய்ந்த கோட்டின் மேல் விரலை வைத்து மேலும் கீழும் ஓட்டினார். கிரீஸ் ஒட்டிக் கோடு கறுத்தது.

"எனக்கு போன் வந்தப்ப ஒரு கார் சக்கரம் மாட்டிக்கிட்டிருந்தேன் மாப்ள. நாலு நட்டையும் முறுக்கிட்டுத்தான் எந்திரிச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

இருவரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 21

மச்சான் நேற்று என்னோடு வந்துவிட்டார். பதினைந்து நாளாகக் கண்ணே மூடவில்லையாம். கட்டில் வேண்டாமென்று தரையிலேயே படுத்தவர், மத்தியானம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. லேசான குறட்டை.

திருத்திய அளவு கேட்டு ஆபீஸிலிருந்து மூன்று தடவை அழைத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை போன் அடித்தபோது மச்சான் புரண்டு படுத்தார்.

போனை அணைத்துவிட்டேன்.