கவிழ்ந்த மூன்று குப்பிகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் அறையில் இருக்கிறவர்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வேலை செய்யாதே. இங்கே குட்டி சுகம், நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் பெண்டாட்டியையும் சேர்த்து எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன், மூன்று தடவையும் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று எதையோ கேட்டுவிட்டு அவளிடமே போனைக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் காகிதம். மூன்றாவது வீட்டு வெல்டர் லீவு முடிந்து நாளைக்குப் பிளேன் ஏறுகிறார், செவ்வாய்க்கிழமை காலையில் உன் சைட்டுக்கே வந்து கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நின்றுகொண்டு படிக்காதே, எங்கேயாவது உட்கார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் கேன்சர் என்று சொன்னார்கள், அவளும் நம்பவில்லை, நீயும் நம்பவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் தையல் கம்பெனியில் எடுத்த கேன்சர் டெஸ்ட்டில் ஒன்றுமில்லை, ஐந்து வருஷம் கழித்து வந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்த பேப்பர் இருக்கிறதே, அதை லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்திருக்கிறாளே, அது எப்படிப் பொய்யாகும் என்று நீ போனில் கத்தினாய். யாருடைய ரிப்போர்ட்டையோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், வேறு லேபில் பார், அதுவரைக்கும் அந்தப் பக்கமே போகாதே என்றாய். நீ சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இங்கே டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னது வேறு. பக்கத்துச் சதைக்கும் பரவிவிட்டது, ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது, ஐந்து வாரம் ரேடியேஷன் கரண்ட் வைக்க வேண்டும், வாரம் ஒரு நாள் மருந்து ஏற்ற வேண்டும், கடைசியில் உள்ளேயும் கரண்ட் வைக்க வேண்டும் என்றார். இத்தனை ஊருக்கும் அந்த ஒரே மெஷின்தான், வாசலில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள். யாரோ வராமல் போனதால் இந்தப் புதன்கிழமை ஒரு இடம் விழுந்திருக்கிறது, அதை இவளுக்கு எழுதியிருக்கிறார். அதை விட்டால் அடுத்த இடத்துக்கு இரண்டரை மாசம். பிழைப்பாளா என்று கேட்டேன். புதன்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், முடிந்ததைச் செய்கிறோம் என்றார். இவளோ புதன்கிழமை வரமாட்டேன், அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு வேறு லேபுக்குப் போகப் போகிறேன் என்கிறாள்.

இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ என்னை அம்மா என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பேப்பர் அவளுடையது இல்லை. என்னுடையது. அன்றைக்குக் கம்பெனிக்கு வந்த நர்ஸ் ஆளுக்கொரு சின்ன பிரஷ்ஷும் மருந்துத்தண்ணீர் இருக்கிற குப்பியும் கொடுத்தார், அவரவரே பாத்ரூமில் போய் உள்ளே தடவி எடுத்துக் குப்பியில் விட்டுக் கொடுத்தால் போதும் என்றார். நான் சூப்பர்வைசராக இருக்கிற லைனில் நாற்பது பேர். ஒருத்தி வெட்கப்பட்டாள், ஒருத்தி புருஷனைக் கேட்க வேண்டும் என்றாள், ஒருத்தி எனக்கு என்ன வந்தது என்று எகிறினாள். கெஞ்சியும் கத்தியும் நாற்பது பேரிடமும் வாங்கி முடிக்க மணி மூன்று ஆகிவிட்டது. நாலு மணிக்குப் பெட்டி வண்டி ஏற வேண்டும். லேபிள் ஒட்டுகிறேன் பேர்வழி என்று அயர்ன் மேசை மேல் தட்டை வைத்தேன், பையன் எவனோ ஒயரை இழுத்தான், தட்டு சாய்ந்தது. மூடி சரியாகத் திருகாத மூன்று குப்பி கவிழ்ந்து துணி மேல் கொட்டிவிட்டது. ஒன்று பிசிறு வெட்டுகிறவளுடையது, ஒன்று காஜா மெஷின்காரியுடையது, ஒன்று உன் பெண்டாட்டியுடையது. அந்த மூன்று பேரையும் மறுபடி மெஷினை விட்டு எழுப்பினால் லைன் நிற்கும், மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்குவார், அவர்களும் இன்னொரு தடவை சம்மதிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நர்ஸிடம் சொல்லியிருந்தால் அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். எனக்குத்தான் நாற்பதுக்கு நாற்பது வேண்டியிருந்தது. உபரிப் பொட்டலத்திலிருந்து மூன்று குப்பியை முந்தானையில் மறைத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். மூன்றிலும் நானே எடுத்து விட்டேன், ஏற்கெனவே என் பெயரில் ஒன்று கொடுத்திருந்தேன். இரண்டு மாசம் கழித்து நாலு பேப்பர் வந்தது, நாலும் நல்ல பேப்பர். நாலும் என்னுடையது. மேனேஜர் என் லைனுக்குக் கை தட்டச் சொன்னார், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இதுகூட நான் செய்ததில் பாதிதான். நாலு மாசத்துக்கு முன்னால் அவள் துணியைத் தனியாக அலசிக் காயப்போடுவதைப் பார்த்தேன். கேட்டேன். நாள் கணக்கில்லாமல் படுகிறது அத்தை, இடுப்பு விட்டுப்போகிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவளே கேட்டுவிட்டு அவளே சிரித்தாள், கேன்சர் இல்லையென்று எழுதியே கொடுத்திருக்கிறார்களே, சூட்டு உடம்பாக இருக்கும் என்றாள். அது யாருடைய பேப்பர் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மானம் போகுமே, வேலை போகுமே, நீ என்ன நினைப்பாயோ என்று மென்று விழுங்கினேன். சூடுதான் என்று நானும் சொன்னேன். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இளநீரும் மோருமாகக் கொடுத்து, என்னவோ பெரிய மாமியார் மாதிரி கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். போன மாசம் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தாள். நானே தூக்கினேன், உள்பாவாடை நனைந்து ஸ்டூலெல்லாம் ரத்தம். அதன் பிறகுதான் டாக்டர், சதை, ரிப்போர்ட் எல்லாம்.

அதனால் கண்ணா, இதைப் படித்த கையோடு அவளுக்குப் போன் பண்ணு. நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், புதன்கிழமை போ என்று உன் வாயால் சொல். எனக்காகச் சொல்லாதே, என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிவிட்டுச் சொல். பேப்பரைப் பற்றி நீயே சொல்லிவிடு, எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் திராணி இல்லை. இன்னொன்று, குட்டியின் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு இந்த நோய் வராமல் இருக்க ஊசி போடுகிறார்கள். போட்டால் பிள்ளை பிறக்காது என்று எவனோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு நீ வேண்டாம் என்றாய். டாக்டரம்மாவிடம் கேட்டேன், தலையில் அடித்துக்கொண்டார், வீடியோ எடுத்தவனை என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். ஃபாரத்தில் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கோபம் வந்தால் என் மேல் கோபப்படு, அதற்கு ஏற்கெனவே நிறையக் காரணம் இருக்கிறது, அதோடு இதையும் சேர்த்துக்கொள்.

மேலே உள்ளதெல்லாம் நேற்று எழுதியது. இன்று திங்கள்கிழமை. குட்டியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்தேன், உன் பெண்டாட்டி புடவை மாற்றிக்கொண்டு பீரோவைத் திறந்து அந்தப் பேப்பரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். லேபுக்காரனிடம் காட்டி நியாயம் கேட்கப் போகிறாளாம். செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டாள். கடிதம் போய்ச் சேர்ந்து நீ பேசுகிறவரைக்கும் காத்திருக்க என்னால் முடியவில்லை, வாசலை மறித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் செருப்பைக் கழற்றினாள். கட்டிலில் உட்கார்ந்து பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். குப்பி கவிழ்ந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாலு மாசம் என் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க, அத்தை" என்றாள். நான் காலில் விழப் போனேன், காலை இழுத்துக்கொண்டாள். அப்புறம், "மத்த ரெண்டு பேருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்கு அந்த இரண்டு பேர் ஞாபகமே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். ஞாபகம் இருந்தது, உன் பெண்டாட்டி நன்றாக இருந்தால் அவர்களும் நன்றாக இருப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தெரியாது என்றேன். எழுந்து செருப்பை மாட்டினாள், கிளம்புங்கள் என்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள், ஆட்டோ கூப்பிட்டேன், ஏறவில்லை. டீ இடைவேளையில் காஜா மெஷின்காரியைக் கம்பெனி வாசலுக்கு வரவழைத்துச் சொன்னேன். முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற உன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பளார் என்று ஒன்று விட்டாள் பார், செக்யூரிட்டி ஓடிவந்துவிட்டார். வாங்கிக்கொண்டேன். புதன்கிழமை அவளும் எங்களோடு வந்து டாக்டரம்மாவிடம் காட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், இதுவரைக்கும் அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லையாம், கடவுள் அப்படியே வைக்கட்டும். மேனேஜர் மதியம் ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார், எதற்கென்று தெரிந்துதான் போகிறேன், இருபத்திரண்டு வருஷ வேலை இன்றோடு சரி.

உன் பெண்டாட்டி புதன்கிழமை போகச் சம்மதித்துவிட்டாள். ஆனால் என்னோடு உள்ளே வரமாட்டாளாம். கூட இருக்கிறவர் யார் என்று ஆஸ்பத்திரி ஃபாரத்தில் என் பெயர் எழுதியிருந்தேன், அடித்துவிட்டு உன் பெயரை எழுதச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை, அவளே மொண்டு குடிக்கிறாள், குனிய முடியாமல் குனிந்து குடிக்கிறாள், நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ வாடா. காண்டிராக்ட் முடியவில்லை, பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில் இருக்கிறது என்று காரணம் சொல்லாதே, அவன் காலைப் பிடி, கையைப் பிடி, எப்படியாவது வா. முதல் வாரம் அவள் தங்கை வந்து நிற்பாள், அதற்கு மேல் அவள் வீட்டில் விடமாட்டார்கள். ஐந்து வாரம் தினமும் அந்தக் கதவுக்கு வெளியே அவளுடைய ஆள் ஒருவர் நிற்க வேண்டும், அது நானில்லை என்று ஆகிவிட்டது.

குட்டிக்கு அம்மாவுக்கு வயிற்று வலி என்று மட்டும் சொல்லியிருக்கிறோம், நீயும் அப்படியே சொல். உங்கள் மூன்று பேருக்கும் என் ஆயுசையும் சேர்த்துக் கடவுள் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பிசிறு வெட்டுகிறவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போய்விட்டாள், எந்த ஊருக்குப் போனாள் என்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியவில்லை, பழைய போன் நம்பர் வேலை செய்யவில்லை. அவள் புருஷன் டைல்ஸ் ஒட்டுகிறவர், நீ இருக்கிற நாட்டுக்குத்தான் வந்தாராம். இடது கைக்காரர், நெட்டை, லேசாகத் திக்கிப் பேசுவார். ஒவ்வொரு சைட்டிலும் டைல்ஸ் வேலைக்காரர்களிடம் கேள், வெல்டரிடமும் சொல்லிவிட்டேன். அவரைக் கண்டுபிடித்தால் அவர் பெண்டாட்டியிடம் உடனே பேசச் சொல். உன்னிடம் இருக்கிற பேப்பர் உன்னுடையது இல்லை, அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, இன்றைக்கே போய்க் காட்டிக்கொள் என்று சொல்லச் சொல். அவளுக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா